ஏழு தண்ணீர் வடித்த விதை

நாட்டு மருந்துக் கடையில் போய் நின்று பூனைக்காலி விதை வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், கடைக்காரர் முதலில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். "வீட்டுக்காரருக்காம்மா?" திருநெல்வேலியில் நான் போன மூன்று கடைகளிலும் இதே கேள்விதான். எங்கள் அம்மாவுக்கு என்று சொன்னேன். ஒருவர் நம்பவில்லை. இன்னொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கருப்பு விதையா வெள்ளை விதையா என்று கேட்டார். மூன்றாமவர், "அது பொம்பளைங்க சாப்பிடுற சாமான் இல்லம்மா" என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர்கள்மேல் தப்பில்லை. அவர்கள் படித்ததும் கேட்டதும் அப்படி. சமஸ்கிருத மருத்துவ நூல்களில் இந்தக் கொடிக்கு ஆத்மகுப்தா என்றும் கபிகச்சு என்றும் பெயர். தன்னைத் தானே காத்துக்கொள்வது என்பது முதல் பெயரின் பொருள். காயின் மேலிருக்கும் சுணை பட்டால் குரங்குகூடச் சொறிந்துகொள்ளும் என்பது இரண்டாவது. இந்த விதை மிக விரிவாகப் புகழப்படுவது வாஜீகரணப் பகுதியில், அதாவது ஆணின் வீரியத்தைக் கூட்டும் மருந்துகளின் வரிசையில். சித்த மருத்துவ வழக்கிலும் அது தாது புஷ்டி லேகியங்களுக்குள்தான் இருக்கிறது. நம்மிடம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பார்க்கின்சனுக்கு மருந்து இருந்தது என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். கம்பவாதம், நடுக்குவாதம் என்ற பெயர்கள் நம் மரபில் உண்டு. இந்த விதையும் உண்டு. ஆனால் புத்தகங்களில் அது பெருமை பெற்றது நடுங்கும் கிழவிக்காக அல்ல.

அம்மாவுக்கு நோய் வந்ததை எங்களுக்கு முதலில் சொன்னது வாசல் கோலம். ஆனால் அதைப் படிக்க எங்களுக்குத் தெரியவில்லை. பதினைந்து புள்ளிக் கோலம் போடுகிறவள் ஒன்பது புள்ளிக்கு வந்தாள். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி குறைந்து, போகப்போகக் கோலம் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கிவிடும்போல் ஆனது. கையெழுத்து சுருங்குவது இந்த நோயின் முன் அடையாளங்களில் ஒன்று என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என் அம்மா தினமும் எழுதியது வாசலில்தான். அதே காலத்தில் மோர் புளித்துப்போனதும் பால் தீய்ந்ததும் அவளுக்குத் தெரியாமல் போயின. அப்பாவுக்கு அது கவனக்குறைவு. மோப்பம் குறைவது நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்பே வரக்கூடும். முகத் தசைகள் இறுகி முகபாவம் குறைந்தபோது, "அத்தை முகத்தைத் தூக்கி வச்சிக்கிறாங்க" என்று அண்ணி வருத்தப்பட்டாள். முதலில் பார்த்த மருத்துவர் மாதவிடாய் நின்ற பின் வரும் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். வேலை செய்யும் கை மெதுவானால் சோம்பல், சிரிக்காத முகம் கோபம், நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. நோய்க்குச் சரியான பெயர் கிடைக்க மூன்று வருடம் ஆனது.

அந்தப் பெயர் வந்த கதையைப் பார்க்கலாம். 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஆறு பேரின் வரலாறு இருக்கிறது. ஆறு பேரும் ஆண்கள். எல்லோரும் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் இல்லை. சிலரைத் தெருவில்தான் பார்த்தார், ஒருவரைத் தூரத்திலிருந்து மட்டுமே. நடுங்கும் பெண்கள் அன்றைக்கும் லண்டனில் இருந்திருப்பார்கள், வீட்டுக்குள். முதலாமவர் தோட்டக்காரர் என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த விவரம். செடி வளர்த்த கை.

நோய்க்கு 1870-களில் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவர் பாரிஸின் ழான் மார்தேன் ஷார்கோ. அவர் வேலை பார்த்த சால்பெத்ரியேர், ஏழைகளும் முதியவர்களும் நோயாளிகளுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் அடைந்து கிடந்த இடம். முதல் நூலில் ஒரு பெண்கூட இல்லை. அதற்குப் பெயர் சூட்டிய இடத்திலோ நோயைக் கற்றுக்கொள்ளக் கிடைத்த உடல்கள் பெண்களுடையவை. ஷார்கோவின் மாணவர் லெயோபோல்ட் ஓர்டன்ஸ்டைன் 1867 வாக்கில் எழுதிய ஆய்வேட்டில் ஹயோசயமின் என்ற மருந்து பேசப்படுகிறது. ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுச்செடிகளிலிருந்து எடுப்பது அது. நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், கூடவே வாயை வறளவைத்து, பார்வையை மங்கவைத்து, அளவு மீறினால் புத்தியைக் கலக்கும். அதை முதலில் விழுங்கியவர்களில் அந்த மருத்துவமனையின் பெண்கள் இருந்தார்கள்.

அதே குடும்பத்துச் செடியின் வேரை வெள்ளை ஒயினில் காய்ச்சி 1920-களில் பல்கேரியாவின் ஷிப்கா ஊரில் இவான் ராயெவ் என்ற நாட்டு வைத்தியர் கொடுத்தார். பெலடோனா என்பது அந்தச் செடி. மூளைக்காய்ச்சல் தொற்றுக்குப் பிறகு உடல் இறுகிப் போனவர்கள் ஐரோப்பா முழுவதும் நிறைந்திருந்த காலம் அது. இத்தாலியின் அரசி எலேனா இந்த வைத்தியத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகள் 1930-ல் பல்கேரிய அரசரை மணந்திருந்தாள். பல்கேரிய வைத்தியம் என்ற பெயரில் அது பரவியது. நான் படித்தவரை, இந்த நோயின் மூலிகை வரலாற்றில் மருந்தோடு பெயர் சேர்ந்து நிற்கும் ஒரே பெண் இவர்தான். அரசியாக இருந்ததால் நின்றது.

இனி அவரை வகைக்கு வருகிறேன். 1913-ல் ஸ்விட்சர்லாந்தில் மார்கஸ் குகன்ஹைம், வடஇந்தியாவில் பாக்லா என்று சாப்பிடுகிற அவரையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். தானே 2.5 கிராம் விழுங்கிப் பார்த்து, கடுமையாக வாந்தியெடுத்தார். இதற்குப் பெரிய பயன் எதுவும் இல்லை என்று அந்தப் பொருள் அலமாரிக்குப் போனது. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து எடுத்தார்கள். நூறு கிராம் விதையில் நாலு முதல் ஆறு கிராம்வரை இருக்கும், பாக்லாவைவிட மிக அதிகம். உலகத்தில் யாருக்கும் அது எதற்கு என்று தெரியாத காலத்தில் நம் சென்னையில் அது கண்ணாடிக் குடுவையில் இருந்தது.

எதற்கு என்று தெரிய இன்னொரு இந்தியச் செடி தேவைப்பட்டது. பாம்புக்கடிக்கும் சித்தக் கலக்கத்துக்கும் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரை 1931-ல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதிலிருந்து ரெசர்ப்பின் பிறந்தது. அது கொடுத்த நோயாளிகளில் சிலர் பார்க்கின்சன் வந்தவர்கள்போல் இறுகிப்போனார்கள். 1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்ப்பின் கொடுத்துக் கிடத்திய முயல்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார். அவை எழுந்து நடமாடின. ஒரு செடி முடக்கியதை இன்னொரு செடியின் பொருள் எழுப்பிவிட்டது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையில் டோபமின் இருக்கிறது என்பதை அதே 1957-ல், அவருக்குச் சில மாதங்கள் முன்பே, இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து எழுதியவர் கேத்லீன் மொண்டாகு. நான் கல்லூரியில் மூன்று வருடம் விலங்கியல் படித்தவள். இந்தப் பெயரை ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. அம்மாவுக்காகத் தேடப்போய்த்தான் கண்டேன்.

மிச்சக் கதை வேகமானது. இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருப்பதை 1960-ல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகியேவிச்சும் காட்டினார்கள். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ், டோபாவைக் கொஞ்சத்தில் தொடங்கி, நாள்பட அளவை ஏற்றிக்கொண்டே போய் நோயாளிகளை நடக்கவைத்தார். குகன்ஹைம் வாந்தியெடுத்த பொருள்தான். மாறியது அளவும் பொறுமையும்.

அளவும் பொறுமையும் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பாபநாசம் மலையில் பார்த்த ஒரு காணிப் பாட்டி. பூனைக்காலியைத் தேடிப் போய் அவரைப் பார்த்தேன். அகத்தியமலைப் பக்கத்துக் காணி மக்கள் இந்த விதையை உணவாகச் சாப்பிடுகிறவர்கள். வேக வைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி வேக வைப்பார்கள் என்று ஊட்டச்சத்து ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். எத்தனை தடவை வடிப்பீர்கள் என்று பாட்டியைக் கேட்டேன். ஏழு என்றார். ஆறில் நிறுத்தினால்? அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலை சுற்றும், வயிறு புரட்டும், ராத்திரி கண்டதெல்லாம் கண்ணில் தெரியும் என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. சோறு வடிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டமாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

நானும் முதலில் அதைச் சமையல் குறிப்பாகத்தான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்கத்தான் உறைத்தது. வெந்நீரில் கரைந்து வெளியேறுவதில் முக்கியமான பொருள் எல்-டோபாதான். குகன்ஹைம் ஒருமுறை விழுங்கித் தெரிந்துகொண்டதை மலைப்பெண்கள் எத்தனை தலைமுறை விழுங்கித் தெரிந்துகொண்டிருப்பார்கள்? ஒரே விதையை உணவாக்க எவ்வளவு வீரியத்தை வெளியேற்ற வேண்டும் என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். நாங்கள் மருந்தாக்க அதே வீரியத்தை உள்ளே நிறுத்தப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரைக் கணக்கிட்டவளுக்குப் பெயர் இல்லை. எந்த இதழிலும் அவள் எழுதவில்லை.

அந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மொசாம்பிக்கில் ஒரு சாட்சி இருக்கிறது. 1989-ல், போரும் வறட்சியுமாக இருந்த நம்பூலா மாகாணத்தில், இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் திடீரென்று சித்தப்பிரமை கண்டது. காரணம் இதே விதை. அங்கேயும் மக்கள் அதைப் பலமுறை வேக வைத்து வடித்துத்தான் சாப்பிட்டு வந்தார்கள். அந்த வருடம் பசிக்கு அது மட்டும்தான் கிடைத்தது. வடித்துக் கொட்டத் தண்ணீர் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் குடத்தைத்தான் நினைத்தேன். ஏழு தண்ணீர் என்றால் ஏழு தடவை யாரோ ஒருத்தி சுமந்து வந்த தண்ணீர்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது செய்யவேண்டிய தவறைச் செய்து முடித்த பிறகு.

அம்மாவின் மாத்திரை விலை ஏறிக்கொண்டே போனது. அது வேலை செய்யும் நேரமோ குறைந்துகொண்டே வந்தது. அடுத்த மாத்திரைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். இயற்கையாக எதையாவது கொடுத்துப் பாரேன் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள், அல்லது ஆண் சொன்னதைக் கொண்டுவந்த பெண்கள். செய்ய வேண்டியவள் நான். அது இயற்கை வைத்தியம் என்று எழுதுகிற யாரும் அதில் இருக்கும் வேலையை எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆடியில் கொல்லை வேலியோரம் விதை ஊன்றினேன். கடையில் வாங்கியதில் முளைத்தது பாதிதான். கொடி கையில் பிடிக்க முடியாத வேகத்தில் ஏறும். பந்தல் போட வேண்டும், இல்லையென்றால் முருங்கையை மூடிவிடும். கார்த்திகை வாக்கில் கருஊதாப் பூக்கள் கொத்தாகத் தொங்கும், அழகுதான். பிறகு வளைந்த காய், அதன்மேல் பொன் நிறத்தில் பட்டுப்போல் சுணை. தை மாதம் காய் கறுத்து உலரும்போது பறிக்க வேண்டும். காற்று அடிக்கும்போது போகக்கூடாது. பனி ஈரம் காயும் முன், முழுக்கைச் சட்டையும் முகத்தில் துண்டும் கட்டிக்கொண்டு போனேன். அப்படியும் கழுத்தில் பட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. ஒரு காயில் நாலைந்து விதைதான். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, பாலில் வேகவிட்டு, தோல் வெடித்ததும் உரித்து, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு படி விதைக்கு ஒரு முழு நாள் போகும். அலுவலகத்துக்கு அன்று விடுப்பு. (சுணையில்லாத வகையும் உண்டு, பசுந்தாள் உரத்துக்கு வளர்ப்பது. அது தெரிந்ததும் அடுத்த வருடம்தான்.)

பொடியைப் பாலில் கலந்து, காலை மாத்திரையோடு இரண்டு தேக்கரண்டி கொடுத்தேன். முதல் நாள் அம்மா எழுந்து வாசல்வரை போனாள். இரண்டாம் நாளும். நாலாம் நாள் கழுத்தும் கைகளும் அவள் சொல் கேட்காமல் நெளியத் தொடங்கின. குமட்டல் வந்தது. கொல்லைப்படியில் எழுந்து நின்றவள் இரத்த அழுத்தம் சரிந்து அப்படியே விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

நான் செய்தது என்ன என்று எனக்குப் புரியும்படி சொன்னது நரம்பியல் பிரிவில் பயிற்சியில் இருந்த ஓர் இளம்பெண் மருத்துவர். அம்மாவின் மாத்திரை ஒன்றில் 100 மில்லிகிராம் லெவோடோபா, கூடவே 25 மில்லிகிராம் கார்பிடோபா. லெவோடோபா என்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் எல்-டோபாவேதான். கார்பிடோபாவின் வேலை, அது மூளைக்குப் போகும் முன் உடம்பில் வீணாகாமல் காப்பது. அதனால் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு டோபா போதும். விதையில் கார்பிடோபா கிடையாது. தனியாகச் சாப்பிட்டால் விதையின் டோபாவில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும். நானோ இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். மாத்திரையிலிருந்த காவல் விதைக்கும் கிடைத்துவிட்டது. எட்டு கிராம் பொடியில் நானூறு மில்லிகிராம்வரை டோபா இருந்திருக்கும். அம்மாவுக்குப் பழகிய அளவைப்போல் ஐந்து மடங்கு. பாலில் கலந்ததும் தப்புதானாம். புரதமும் டோபாவும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். ஒரு நாள் கொஞ்சம் ஏறும், ஒரு நாள் மொத்தமாக ஏறும். பாலில் கலந்து கொடுத்தால் எதுவும் நல்லது என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. விதை வேலை செய்யாது என்றும் சொல்லவில்லை. வேலை செய்வதால்தான் பயம் என்றாள். 2004-ல் ரெகினா காட்சன்ஷ்லாகர் என்ற நரம்பியல் மருத்துவர் முதன்மை ஆசிரியராக வெளியிட்ட ஆய்வை அவள்தான் காட்டினாள். லண்டனில் 8 நோயாளிகள். 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு கொடுத்தபோது 35 நிமிடத்தில் உடல் இளகியது. மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது. மாத்திரை வாங்க முடியாத ஏழை நோயாளிகளுக்காகப் பொலிவியாவிலும் வறுத்துப் பொடித்த விதையைச் சோதித்திருக்கிறார்கள். 2017-ல் வந்த முடிவில் 18 பேருக்கு ஒருவேளை மருந்து மாத்திரைக்கு ஈடாக நின்றது. அடுத்த வருடம் வந்த முடிவில், தொடர்ந்து சாப்பிட்ட 14 பேரில் 7 பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள், வயிற்றுக் கோளாறும் நோய் கூடியதும் காரணம். ஒரு சிறு ஆய்வு, அதற்கடுத்து இன்னொன்று. அம்மாவைப் போன்ற ஒருத்திக்குத் தினமும் எத்தனை கிராம் என்று சொல்ல இவை போதாது.

இங்கே எனக்கு இரண்டு பக்கமும் கோபம் வருகிறது. பாட்டி வைத்தியம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்கள் பாட்டியின் ஏழாவது தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர்களுக்குப் பாட்டி வேண்டும், அவளுடைய கணக்கு வேண்டாம். மூலிகையா, அதெல்லாம் பொம்பளைங்க பேச்சு என்று தள்ளுகிற மருத்துவர்களோ, எங்கள் வீட்டில் மாத்திரை தவிர வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நெற்றியில் தையல் விழுந்திருக்காது. வெறும் ஐந்து வார்த்தைக் கேள்வி.

பொடியை நிறுத்திவிட்டோம். மாத்திரையை அதே 100 மில்லிகிராமில் வைத்து, நேரங்களை நெருக்கி மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு குறிப்பு வேண்டும், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் கால் இளகியது, எப்போது மறுபடி இறுகியது என்று எழுதிவரச் சொன்னாள் அந்த மருத்துவர். நான் எழுதுகிறேன் என்றேன். அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். பால் கணக்கு தவிர வேறெதையும் அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

பத்து மாதத்துக்கு எழுதினாள். கடுகு போல் எழுத்து. சில பக்கங்களை நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். 6.10 மாத்திரை. 7.00 கால் வந்தது. 7.15 கோலம், ஏழு புள்ளி. 9.40 கை போச்சு. இட்லி தின்ற நாளும் உளுந்தங்களி தின்ற நாளும் வேறு வேறாக இருப்பதை அவளே கண்டுபிடித்து ஓரத்தில் குறித்திருக்கிறாள். புரதத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த முறை போனபோது மருத்துவர் அந்த நோட்டை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார். தன் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும், பெயர் போடலாமா என்று கேட்டார்.

அம்மாவுக்கு அன்று குரல் எழும்பவில்லை, அதுவும் நோயின் ஒரு குணம். அதனால் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, நகலின் முதல் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் தானே எழுதினாள். எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.